பாசி கொண்டு வாருங்கள்

ஜூலை 28, திங்கள்

தூறல். கொடியில் கிடக்கும் புடவை சனிக்கிழமையிலிருந்து காயவில்லை. கலசப்பாக்கத்திலிருந்து முதல் பஸ். மலை ஏறும்வரை பக்கத்து இருக்கைக்காரம்மா என் தோளில் தூங்கினார். ஜமுனாமரத்தூரில் எழுந்து, நான்தான் அவர்மேல் சாய்ந்தது போல ஒரு முறை முறைத்தார்.

போளூர் அறிவியல் கண்காட்சிக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. பள்ளிக்கு ஒரே ஒரு மேசை. தலைமை ஆசிரியர் முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

"தேன், சாமை லட்டு, கடுக்காய். போன வருசம் வெச்ச தட்டே கீது டீச்சர்."

ஒவ்வொரு வருடமும் இதே கூத்து. கீழ்ப் பள்ளிகள் ரோபோ, காற்றாலை, சூரிய அடுப்பு. மலைப் பள்ளி என்றால் தேன். போன வருடம் அந்த மேசைக்குப் பின்னால் நான் என் பிள்ளைகளோடு நாள் பூராவும் நின்றேன். வந்தவர்கள் விரலில் தொட்டு நக்கிவிட்டு ரோபோ பார்க்கப் போனார்கள். "சுத்தமான தேனா?" என்று ஒருவர் கேட்டார். அன்று எங்களைக் கேட்ட ஒரே அறிவியல் கேள்வி அது.

இந்த வருடம் பாசி. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பச்சைப் பசேல். சுரண்டிச் சுரண்டி வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டுகிறோம், மறுபடி வருகிறது. எடுக்க எடுக்கத் தீராத ஒன்றை எடுத்து எறிந்துகொண்டிருக்கிறோம். அதை எருவாக்கிக் காட்ட வேண்டும்.

த.ஆ.விடம் சொன்னேன். "பாசியா? வழுக்கி வுழறதுக்கா?" என்று அவரே சிரித்துக்கொண்டார். பிறகு இறங்கி வந்தார். ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதிக்குள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது காட்டினால் பாசி. இல்லாவிட்டால் தேன். சரி என்றேன். வாய்க்கொழுப்பு.

9-ஆம் வகுப்பு, கடைசிப் பாடவேளை. தண்ணீரும் வெயிலும் இருந்தால் போதும், பாசி தானாக வளரும் என்று தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. அந்த இரைச்சலில் கத்தினேன்: "நாளைக்கு எல்லாரும் பாசி கொண்டு வாங்க!"

வாங்க வேண்டியவை: பெரிய பிளாஸ்டிக் தட்டு இரண்டு, கொசுவர்த்தி, சோப்பு. அம்மாவுக்குப் போன் (இன்றும் மறந்தேன்).

ஜூலை 29, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. புடவை காய்ந்தது.

பாசி வந்தது. வந்ததன் விவரம்:

பாசிமணி மாலை, கை கொள்ளாமல். சிவப்பு, கறுப்பு, நீலம். பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் கழுத்திலிருந்தோ வீட்டு ஆணியிலிருந்தோ கழற்றி வந்திருக்கிறார்கள்.

பாசிப்பருப்பு, ஒரு பொட்டலம்.

பாறையில் சுரண்டிய பச்சை, ஒரு பிடி. (பாவம், அவனாவது கிட்டே வந்தான். அது பாசி இல்லை, வேறு செடி வகை.)

கடைசியாக சந்தியா. நேற்று வராத பெண். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். உள்ளே ஒரு பாசிமணி மாலை மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் ரோஸ் மில்க் மாதிரி. மணிகள் வெளுத்துப் போயிருந்தன.

"தண்ணி ஊத்தி வெயில்ல வெச்சா வளரும்னு கவிதா சொல்லிச்சி மிஸ். காலைல இருந்து வெச்சேன். ஒண்ணியும் வளரல."

சிரித்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வகுப்பே சிரித்தது, கவிதா தவிர. சந்தியாவும் சிரிக்கவில்லை.

"எங்கம்மாது மிஸ்" என்றாள்.

சிரிப்பு நின்றது.

எல்லாரையும் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு கை அள்ளிக் காட்டினேன். "இத்தயா மிஸ் சொன்னீங்க? இது பச்ச!" என்கிறாள் கவிதா. இங்கே ஊர்ப் பேச்சில் இதற்குப் பாசி என்று பேரே இல்லை. தண்ணி பச்சையாயிடிச்சி, தொட்டி பச்ச புடிச்சிருச்சி, அவ்வளவுதான். இத்தனை நாள் இங்கே இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை. நல்ல டீச்சர்!

நுண்ணோக்கியை எடுத்தேன் (ஒன்றே ஒன்று, கண்ணாடி கீறல்). வரிசையாகப் பார்த்தார்கள். சந்தியா மட்டும் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

"நூலு நூலா கீது மிஸ். நூலுக்குள்ள பச்ச ரிப்பன சுருட்டி வெச்சா மாதிரி. யாரு மிஸ் சுருட்டினது?"

இந்தக் கேள்விக்காகத்தான் பி.எட். படித்தேன் போலிருக்கிறது.

ஜூலை 30, புதன்

சந்தியாவின் அம்மா அலமேலு வந்துவிட்டார். ரேஷன் கடைக்குப் போகிற வழி. காலிப் பையை என் மேசைமேல் போட்டார். வகுப்பு நடக்கிறது என்கிற கணக்கெல்லாம் கிடையாது.

"ஏன் டீச்சரு, பசங்களாண்ட பாசி வாங்குறியாமே? ஊரு பூரா அதே பேச்சா கீது. இன்னா பண்ணப் போற அத்தினி பாசிய வெச்சி?"

பள்ளிக்கு வெளியே மலையில் எல்லாருக்கும் 'நீ'தான். வந்த புதிதில் சுருக்கென்றது. இப்போது 'நீங்க' என்றால்தான் சந்தேகம் வருகிறது.

விளக்கினேன். தொட்டியைக் காட்டினேன். பச்சையைக் காயவைத்து, தூளாக்கி, மண்ணில் கலந்தால் பயிருக்கு எரு என்றேன். மீனுக்குத் தீவனம், சில ஊரில் மனிதருக்கே ஆகாரம், எண்ணெய்கூட எடுக்கப் பார்க்கிறார்கள் என்றேன். முழுவதும் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சாணி போட்டா வெளையும். தொட்டி அழுக்கப் போட்டா இன்னா வெளையும்?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு தட்டு வெச்சி, ஒண்ணுல மட்டும் போட்டுப் பாத்துடலாமா?" என்றேன்.

"பாரு. ஆனா நீ வெதைக்காத. நான் வெதைக்கிறேன். ரெண்டு தட்டுலயும் நானே வெதைக்கிறேன். நாளைக்கு ஒண்ணு வளந்து ஒண்ணு வளரலன்னா, டீச்சரு ஏதோ தகிடுதத்தம் பண்ணிச்சின்னு ஆரும் சொல்லக் கூடாது பாரு."

த.ஆ. பிறகு சொன்னார்: அலமேலு கைராசிக்காரம்மா. சுற்றுவட்டத்தில் சாமை விதைப்பு என்றால் முதல் பிடி அவர் கையால் விழ வேண்டும். கூப்பிட்டு அழைத்துப் போவார்களாம்.

வெளுத்த மாலையைத் திருப்பிக் கொடுத்து, புதிதாக வாங்கித் தருகிறேன் என்றேன். "வெள்ளப் பாசியும் நெல்லாத்தான் கீது" என்று அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டு ரேஷனுக்குப் போனார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நல்ல வெயில். பாசி காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. கையால் நொறுக்கினோம். நாற்றம் மீன் கடை நாற்றம். என் கை இன்னும் நாறுகிறது, மூன்று முறை கழுவியாகிவிட்டது.

அலமேலுவின் கொல்லை மண். அவர் வீட்டுச் சாமை விதை. தட்டு அ: வெறும் மண். தட்டு ஆ: மண்ணும் பாசித் தூளும். பெயரைச் சந்தியா எழுதினாள். அலமேலு செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து நின்று, இரண்டிலும் விதைத்தார். ஒரே மாதிரி, நிதானமாக. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. என் பாடத்துக்கு இப்படி ஒரு அமைதி கிடைத்ததே இல்லை, கொஞ்சம் பொறாமைதான்.

தட்டுகள் ஆபீசு ஜன்னலுக்கு வெளியே. ஒரே வெயில், ஒரே தம்ளரில் தண்ணீர். பொறுப்பு: சந்தியா, கவிதா.

ஆகஸ்ட் 11, திங்கள்

முளைத்துவிட்டது. இரண்டும். ஒரே உயரம், ஒரே நிறம். இரட்டைப் பிள்ளைகள்.

த.ஆ. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "தேனுக்கு ஆள் சொல்லி வெச்சிட்டேன் டீச்சர், எதுக்கும்" என்றார். எதுக்கும்! அந்த வார்த்தையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை என்று எழுத வந்தேன், எனக்காகவும்தான். சந்தியா இடைவேளையில் விளையாடப் போவதில்லை, தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "தேன் மேசைன்னா நான் வர்ல மிஸ்" என்றாள். போன வருடம் தேன் மேசையில் நின்ற பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

அம்மா போன். மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தாயா என்கிறாள். சாமை வளரட்டும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

சனி, ஞாயிறு ஊரில். உடம்பு அங்கே, புத்தி ஜன்னலுக்கு வெளியே.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தட்டுக்கு. 'ஆ' கொஞ்சம் கரும்பச்சையோ? ஆசைப்பட்ட கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். எதுவும் சொல்லாமல் கவிதாவைக் கூப்பிட்டு, "பாரு" என்றேன்.

"மிஸ், இது கறுத்துக்கிச்சி!"

நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள். கவிதா வாய் வாழ்க.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜெயித்தாயிற்று!

ஒழுங்காக எழுதுகிறேன். காலை பனிமூட்டம், பத்து மணிக்கு விலகியது. த.ஆ. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அலமேலுவும் வந்தார், யாரும் கூப்பிடவில்லை. 'அ' வெளிறிப்போய் ஒல்லியாக நிற்கிறது. 'ஆ' கரும்பச்சை, அடர்த்தி, தூர் கட்டத் தொடங்கியிருக்கிறது. தூரத்திலிருந்தே தெரிகிறது. கண்ணாடியே வேண்டாம்.

த.ஆ. இரண்டையும் பார்த்தார். தாடையைத் தடவினார். "அது அலமேலு கைராசி டீச்சர். பாசியெல்லாம் இல்ல" என்றார்.

கைராசி இல்லை என்று அந்த அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல?

அலமேலு திரும்பினார். "அந்தத் தட்டுல வெதச்சது மட்டும் ஆரு கை சார்? அதுவும் என் கை தான? கைராசின்னா ரெண்டுக்கும் தான வரணும்? ஒண்ணுக்கு மட்டும் வருமா? மண்ணு என்து, வெத என்து, கை என்து. பாசி மட்டும்தான் டீச்சர்து."

கட்டிப்பிடித்திருப்பேன், அவர் தோளில் மண்வெட்டி இருந்தது.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை மாற்றாதே. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறேன், ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். இன்று வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டது.

த.ஆ. இரண்டு தட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "யோவ், தேன் வேணாம்யா. இல்ல, வேணாம். இந்த வருசம் பாசி."

மத்தியானம் சாப்பாட்டில் உப்பே இல்லை. யாருக்கும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போளூர். கொளுத்துகிறது. மலையிலிருந்து இறங்கினால் அடுப்புக்குள் வந்த மாதிரி. கவிதாவுக்கு வளைவுகளில் வாந்தி, ஆனாலும் தட்டை விடவில்லை.

மேசை வாசல் ஓரம். மேலே அட்டை ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள்: 'மலைப் பொருள்கள். தேன், சிறுதானியம்.' கேட்டால், மேசைகளை வரிசை போட்ட இளைஞர், "உங்க பள்ளிக்கூடம் எப்பவும் அதானங்க?" என்கிறார். அவர்மேல் தப்பில்லை. எப்பவும் அதுதான். பட்டியலில் மாற்றுகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை.

சந்தியா பெஞ்சில் ஏறி, அட்டையை அவிழ்த்து, திருப்பிக் கட்டினாள். வெள்ளைப் பக்கத்தில் எழுதினாள்: பாசி. கீழே சின்னதாக: எடுக்க எடுக்கத் தீராதது.

முதலில் யாரும் வரவில்லை. ஒருவர் வந்து, "தேன் எங்க பாப்பா?" என்றார்.

"தேன் இல்லீங்க. பாசி. கண்ண வெச்சிப் பாருங்க."

குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் நிமிரவில்லை. "டேய், இங்க வாடா" என்று மகனைக் கூப்பிட்டார். அவன் நண்பனைக் கூப்பிட்டான். அப்புறம் வரிசை. ரோபோ மேசைப் பையன்கள்கூட வந்து நின்றார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்ப உள்ளே நுழைய முடியவில்லை. என் மேசைக்கு நானே முட்டி மோதி வந்தேன், சந்தோஷமாக.

நடுவர் அம்மா ஒருவர். கெட்டிக்காரர், சிரிக்காமல் கேட்கிறார். "இது மாட்டுக்குப் போடுற அசோலாதானே?"

"இல்ல மேடம். அசோலாக்கு வேரு கீது, எல கீது. இதுக்கு ரெண்டும் இல்ல. ஆனா வெயில்ல சாப்பாடு செஞ்சிக்கும்" என்றாள் சந்தியா.

"ரெண்டு தட்டுலயும் மத்ததெல்லாம் ஒண்ணுன்னு எப்படி நம்புறது?"

"மண்ணு, தண்ணி, வெயிலு, வெத எல்லாம் ஒண்ணு மேடம். வெதச்ச கையும் ஒண்ணு."

"கையா?"

சந்தியா கைராசி என்றால் என்ன என்று விளக்கினாள். த.ஆ. சொன்னதையும், அம்மா மறுத்ததையும் அப்படியே. பக்கத்தில் நின்ற த.ஆ. உத்தரத்தைப் பார்த்தார். நடுவர் அம்மா முதல்முறையாகச் சிரித்தார், ஏதோ எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்கு மைக்கில் சொன்னார்கள். முதல் பரிசு. எங்கள் பள்ளிப் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லி த.ஆ. ஓடினார். கவிதா கத்தியதில் எனக்கு ஒரு காது இன்னும் அடைத்திருக்கிறது. நான் அழுதேன். முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுதேன்.

சான்றிதழ் வாங்கிப் பார்த்தால், 'சிறுதானிய உணவு – முதல் பரிசு'. பழைய பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். விடும்மா, பரிசு பரிசுதான் என்றார் த.ஆ. பஸ்ஸுக்கு நேரமாகிறது, எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

சந்தியா திரும்பி நடந்தாள். எழுதுகிறவர் முன்னால் சான்றிதழை வைத்தாள்.

"தப்பா எழுதிட்டீங்க சார்."

"முதல் பரிசுன்னு போட்டிருக்கேனே, அப்புறம் இன்னாம்மா?"

"பாசின்னு எழுதுங்க சார். அதுக்குத்தான குடுத்தாங்க."

அவர் பழையதை அடித்துவிட்டு எழுதப் பேனாவைத் தாளுக்குக் கொண்டு போனார்.

"அடிச்சி எழுதாதீங்க. புதுசுல எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். புதிய தாள் எடுத்தார். கடைசி எழுத்து விழும்வரை சந்தியா பேனா முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தாளை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு பஸ் நிலையம்வரை நடந்தாள். மை எப்போதோ காய்ந்துவிட்டது. டிக்கெட் வாங்கக்கூடக் கையை இறக்கவில்லை, நான்தான் வாங்கினேன்.