படிக்காமல் வைத்த கைநாட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எழுத்து மேலும் கீழும் போகிறது, இரண்டு மூன்று இடத்தில் பென்சில் குத்தித் தாள் ஓட்டையாகிவிட்டது, பொறுத்துக்கொண்டு படி. நாற்பது வருஷம் சுவருக்குப் பெயிண்ட் அடித்த கை, நூல் பிடிக்காமலே நேர்க்கோடு இழுத்த கை, இந்தச் சின்னத் தாளில் ஒரு வரியை நேராகக் கொண்டுபோக முடியாமல் திணறுகிறது. ஆனால் யாரும் சொல்லச் சொல்ல எழுதியது இல்லை, யாரும் எழுதித் தந்ததும் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது. நானும் உன் மகள் வாலுவும் சுகமாக இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகள் உன்னை ரொம்ப ஓடவிடாமல், இடுப்பு வலி இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போதே சொல்லியிருக்கலாம். கடிதம் வந்து நீ திகைத்துப்போக வேண்டும் என்பது ஒரு காரணம். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அது இன்னொரு காரணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்காக மாதம் ஒருமுறை அந்த ஆபீசில் எங்களை வரச்சொல்லி உட்காரவைப்பார்கள் இல்லையா, அதே கட்டடத்தின் பின்பக்க அறையில் எட்டு மாதத்துக்கு முன்னால் எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். டீச்சரம்மாவுக்கு உன்னைவிட வயது குறைவு. நான் வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன், செத்துப்போன தங்கையின் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாளே அந்தத் தையல்காரம்மா, அவள்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். வாரா வாரம் எனக்கும் அவளுக்கும் போட்டி. நான் ஒரு வரி எழுதுவதற்குள் அவள் ஒரு ஜாக்கெட் தைத்துவிடுவாளாம், வகுப்பில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறாள். சொல்லட்டும், பரீட்சையில் அவளைவிட எனக்கு நாலு மார்க் கூட. இப்போது நான் பஸ் போர்டு படிக்கிறேன், மருந்துச் சீட்டு படிக்கிறேன், கடைக்காரன் பொட்டலம் மடிக்கிற காகிதத்தைக்கூட விடுவதில்லை. பரணில் கிடந்த பழைய பெயிண்ட் டப்பாவை எடுத்துப் படித்தால் நன்றாகக் கலக்கிய பின் பயன்படுத்தவும் என்று போட்டிருக்கிறது. நாற்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், டப்பா சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று தெரியாமல். வாலு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் இந்தப் பக்கம். சில நாள் அவள் என்னைவிட முன்னால் முடித்துவிட்டு, தாத்தா இன்னும் முடிக்கலையா, டீச்சர் அடிக்கப்போறாங்க என்று பயமுறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். அவளுக்கு மேல்பல் ஒன்று விழுந்து புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் கண் சோதனை செய்து கண்ணாடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை, தூரத்து எழுத்து கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. உதவித்தொகையை வருஷம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். போன வருஷம் வரை போனேன், நீட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தேன், வந்தேன். இந்தத் தடவை அந்த ஆபீஸ் மேடம் தாளை என் பக்கம் தள்ளி, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க என்றார். அவர் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான், ஆனால் என்னிடம் ஒருவர் படித்துப் பார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள், நான் காதில் வாங்கவில்லை. என் பெயர், வாலுவின் பெயர், பிறந்த தேதி எல்லாம் சரி. அப்புறம் குழந்தையின் தந்தை என்று இருந்தது, எதிரே இறந்தவர் என்று போட்டிருந்தது, மாப்பிள்ளை விஷயம் அதுவும் சரிதான். அதற்குக் கீழே குழந்தையின் தாய் என்று இருந்தது. எதிரே மூன்று கட்டம், ஒன்றில் இறந்தவர், ஒன்றில் கைவிட்டவர், ஒன்றில் வெளியூரில் வேலை. நடுக்கட்டத்தில் டிக் அடித்திருந்தது. எனக்குப் படிக்கத் தப்பாக வருகிறதோ என்று இரண்டாம் தடவை எழுத்துக்கூட்டினேன். மூன்றாம் தடவை, வரிசையில் நின்ற தையல்காரம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையே படித்துவிட்டு என் தோளைத் தொட்டாள்.

நடந்தது இதுதான். நீ வேலைக்குப் போன அடுத்த மாதம், ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் போனேன். அவர் எழுதி முடித்துவிட்டு, சீக்கிரம் பணம் வர்ற மாதிரி போட்டிருக்கேன் பெரியவரே என்று சொல்லித் தாளை நீட்டினார். எப்படிப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, நல்ல மனுஷன் என்று நன்றி சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். அம்மா வெளியூரில் வேலை என்று போட்டால் உன் சம்பளச் சீட்டு வேண்டும், உன் கையெழுத்து வேண்டும், வந்து சேர நாளாகும் என்று அவரே குறுக்கு வழி பார்த்திருக்கிறார். இரண்டு வருஷமாக மாதா மாதம் அந்தத் தாளை வைத்துத்தான் பணம் வாங்கியிருக்கிறேன். வாலுவின் ஷூ, பால், பள்ளிக்கூட வேன் எல்லாம் அதில்தான். நீ போனில், அவ என்னைக் கேக்குறாளாப்பா, மறந்துட்டாளா என்று கேட்கும்போதெல்லாம், அதெப்படி மறப்பா என்று சொன்ன அதே ஆள், நீ அவளைக் கைவிட்டதாக விரலை அழுத்தி வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

மேடத்திடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, தாத்தா, இப்ப மாத்தினா விசாரணை முடியிற வரைக்கும் பணம் நிக்கும், மூணு மாசம் ஆகலாம், வேண்டாம்னா அப்படியே கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, யாரு பாக்கப்போறாங்க என்றார். வாலுவின் கண்ணாடிக்குப் பணம் வேண்டுமே என்று எனக்கும் ஒரு நிமிஷம் மனசு ஆடியது, பொய் சொல்ல மாட்டேன். பேனா கையில்தான் இருந்தது. அப்புறம் சொன்னேன்: "இத்தனை நாள் நான் பாக்கலை, அதனால போச்சு. என் பேத்தி நல்லாப் படிக்கிற பொண்ணு மேடம். ஒரு நாள் இவ இந்தத் தாளைப் படிப்பா."

அவர் அந்தத் தாளை ஒதுக்கி வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, நடந்ததைக் கைப்பட எழுதிக் கொடுங்கள், நீங்களாக வந்து சொல்வதால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்காமல் இருக்க நானும் எழுதுகிறேன் என்றார். நான் எழுதினேன். என் மகள் குழந்தையைக் கைவிடவில்லை, வேலைக்குப் போயிருக்கிறாள், சம்பளத்தில் பாதியை அனுப்புகிறாள், வாரம் மூன்று நாள் போனில் பேசுகிறாள், எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, இப்போது தெரியும். இவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் எழுந்து போனார்கள், மேடம் மட்டும் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பழைய தாளைக் கிழித்துத் தரச்சொல்லிக் கேட்டேன், அப்படிச் செய்யக்கூடாதாம். ஆனால் என் கண்ணெதிரே அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் தேதி போட்டார். அடுத்த கட்டத்தில் டிக் போட என்னிடம் பேனாவைக் கொடுத்தார். நான் போட்டது பெரிதாகி வெளியே வந்துவிட்டது, பரவாயில்லை என்றார்.

பணம் இந்த மாதம் வரவில்லை. அதற்காக நீ ஒரு காசு கூட அனுப்பக்கூடாது, மேல்வேலை எதுவும் பிடிக்கக்கூடாது. பெரிய பெயிண்ட் கடையில் காலையில் மூன்று மணி நேரம் நிறம் கலந்து கொடுக்க உட்கார்கிறேன், முட்டி மடக்க வேண்டிய வேலை இல்லை. வாலுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போய், அவள் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுகிறேன். கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு தவணையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த வீட்டு அம்மாவிடம் சம்பளச் சீட்டு கேட்டு வாங்கு, தயங்காதே, அவர்கள் பிள்ளைகளை நீ பார்க்கிறாய் என்பதற்குத்தானே அந்தச் சீட்டு. அதோடு உன் கைப்பட ஒரு கடிதம், நான் வேலைக்காக வந்திருக்கிறேன், என் மகளை என் அப்பா என் சம்மதத்தோடு பார்த்துக்கொள்கிறார் என்று. இருபதாம் தேதிக்குள் இங்கே கிடைக்கிற மாதிரி அனுப்பு. அதை இரண்டு பிரதி எழுது. ஒன்று ஆபீசுக்கு. இன்னொன்றை வாலுவின் துணிப்பெட்டியில் அடியில் போட்டு வைக்கிறேன். என்றைக்காவது அவள் அந்தச் சிவப்பு மை அடித்த தாளைப் பார்க்க நேர்ந்தால், பக்கத்தில் வைத்துப் படிக்க இது வேண்டும்.

என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, எழுத்துக்கூட்டியாவது படித்துக்கொள்கிறேன். ராத்திரி முடியை ஈரத்தோடு கட்டாதே. கனமான பிள்ளையைத் தூக்கும்போது குனிந்து தூக்காதே, உட்கார்ந்து எழு. நீ எந்த வீட்டில் இருந்தாலும் நல்லபடியாக இரு, உன் கைபட்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும். இதை எழுத எனக்கு நாலு நாள் ஆனது, பென்சில் பாதியாகிவிட்டது. அடுத்த வாரம் புதுப் பென்சிலில் எழுதுகிறேன், வாலுவின் கண்ணாடி எந்த நிறம் என்று அதில் இருக்கும்.

இப்படிக்கு உன் அப்பா,
முழுக்கப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது.