கழலாத தலையும் மாமாவின் அக்கறையும்

அன்புள்ள மகனுக்கு,

நான் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய், நீ சொல்வதால் நம்புகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, புல்வெட்டும் மெஷினின் முனையில் புல்லை அறுக்கும் நைலான் நரம்பு சுற்றியிருக்கும் அந்தத் தலையைக் கழற்றி, நானே புதிது மாட்டுவது என்று தீர்மானித்தேன். கருத்துச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். தோட்டத்தைக் கவனிக்கக் கையில் தெம்பில்லாத நாள் வந்தால் வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும் என்று போன மாதம் போனில் சொன்னாய். அன்பாகத்தான் சொன்னாய். மறுநாளே உன் மாமா வந்து மெஷினை இரவல் கேட்டார். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை, தேதிகளை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன். மெஷின் திரும்பி வந்த பிறகு தலை அசைய மறுத்தது. துளையில் கம்பியைச் செருகித் தண்டு சுற்றாமல் நிறுத்தி, உலகத்து மூடிகளையெல்லாம் திறப்பது போல இடப்பக்கம் திருப்பினேன், எண்ணெய் விட்டேன், வெந்நீர் ஊற்றினேன், நாலு நாள் பைப் ரெஞ்சு போட்டுத் தொங்கினேன். உன் மாமா தினமும் வாசல் கேட் அருகே நின்று, "விட்டுருங்க அத்தான், வயசானா கையில பிடி இருக்காது" என்றார். மெஷினைப் பற்றிக் கேட்க வேண்டியவர் கையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? தலையின் திருகு மரையில் பசை வைத்தீர்களா என்று நேரிலேயே கேட்டுவிட்டேன். சிரித்தார். அது பதில் ஆகாது.

சனிக்கிழமை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மோட்டார் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பார்த்ததுமே, "யாரு சார் இதை இறுக்குனது, பயில்வானா?" என்றார். மைத்துனர் என்றேன். "இல்ல சார், ரெஞ்சு பதிஞ்ச தடமெல்லாம் புதுசு. இதுக்கு மரை எதிர்ப்பக்கம். வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். நீங்க கழட்டுறேன்னு நாலு நாளா இறுக்கியிருக்கீங்க" என்றார். சுற்றுகிற வேகத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்கிறார்களாம். விளக்கம் கச்சிதமாக இருந்தது, அதனாலேயே எனக்கு முழுத் திருப்தியில்லை. இரண்டடிக் குழாயை ரெஞ்சில் மாட்டி அவரும் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. கடைசியில் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தார். "இருபது வருஷத் தொழில்ல இப்படி ஒரு பிடியைப் பாத்ததில்ல சார்" என்றார். அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். என் கைகளைப் பற்றி யார் எது சொன்னாலும் அதை எடுத்துப் படி.

பசை விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று உன் மாமாவிடம் சொன்னேன். உடனே, "அதனால என்ன அத்தான்" என்றார். அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மருமகளும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். வெளியே போகும்போது கேஸை மூடு. வீட்டை விற்கிற பேச்சு இனி போனில் வேண்டாம்.

ஆசிகளுடன்,
அப்பா

பி.கு.: வலது மணிக்கட்டில் ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவர் உன் மாமா.