மாதாவுக்கு வைத்த பீங்கான் கால்

விருத்தாசலம்

அன்பு மகளே,

அப்பாதான் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து, யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. போன் செய்தால் நீ கட் பண்ணிவிடுகிறாய்.

கபடியில் கிழிந்த முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன் முடிந்தும், ஊன்றுகோலோடு ஊருக்குள் வர வெட்கப்பட்டு ஹாஸ்டலிலேயே கிடக்கிறாயாம். உன் தோழி சொன்னாள்.

நீ நல்லபடி நடக்க வேண்டுமென்று நான் வேலை பார்க்கும் சூளையில் பீங்கான் கால் ஒன்று சுட்டு மாதா கோயிலில் வைத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, அடிபட்டது எடது காலு. நல்லா இருக்கிற காலுக்கு எதுக்கு வேண்டுதல்?" என்று கோயிலிலேயே சிரித்துவிட்டாள். பங்குச் சாமியாரும் சிரித்தார்.

இடது காலை இன்னும் செய்யவில்லை. இந்தத் தடவை அளவெடுத்துத்தான் செய்வேன். நொண்டிக்கொண்டே வா. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா