ஆற்றோரத்துச் சங்குகள்

அன்பு மகள் ரெனெட்டாவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம், மனதைப் பற்றிக் கேட்காதே. சியாட்டிலில் மழை விட்டதா, உன் இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தீவில் இந்த வருடம் இறால் நன்றாகப் படுகிறது, ஆனால் வாங்கித் தின்பவர்கள் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிக் குடிவந்த பணக்காரர்கள்தான்.

ஆற்றோரத்து நம் கல்லறைத் தோப்பு போய்விட்டது. தேவாலய ஆண்டுவிழாவுக்காக இளைஞர் சங்கம் அதைச் சுத்தம் செய்தது. கல்லறை மேடுகளின் மேலிருந்த உடைந்த தட்டு, கோப்பை, சங்கு எல்லாவற்றையும் வாரிக் குப்பைக் கிடங்கில் கொட்டி, மண்ணையும் சமப்படுத்திவிட்டார்கள். செய்தது வெள்ளைக்காரன் இல்லை, நம் பிள்ளைகள், அதில் உன் தம்பி குவின்டனும் ஒருவன். அடிமைக் காலத்திலிருந்தே கல் நட வழியில்லாத நம் ஆட்கள், இறந்தவர் கடைசியாகத் தொட்ட பாத்திரத்தை உடைத்து, கூடவே சங்கும் வைத்தார்கள், அதுதான் பெயர்ப்பலகை என்று அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தலையாட்டினான். இப்போது கேட்டால், "உடைஞ்ச தட்டுப்பா, விருந்தாளிங்க வர்ற நேரத்துல அசிங்கமா இருந்துச்சு" என்கிறான். தன் ஆட்களின் அடையாளம் அசிங்கமாகத் தெரிகிற பிள்ளை தன்னை எப்படி மதிப்பான்?

நான் சத்தம் போட்டதும் தேவாலய மூப்பர் பர்விஸ், "வாத்தியாரே, குப்பை கூட்டினவனுக்குக் கோழி பொரிச்சுப் போடுறதை விட்டுட்டுப் பாடம் நடத்துறியே" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் கறுப்பர் வரலாற்று வகுப்பை நிறுத்தியபோது, "பழைய அடிமைச் சங்கிலிக் கதை பிள்ளைங்களுக்கு எதுக்கு" என்று கூட்டத்தில் அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவரும் இவர்தான். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

அடுத்த வாரமே அந்த இடத்தில் விடுதி கட்டப்போகும் கம்பெனிக்காரர்கள் மாவட்ட அதிகாரியோடு வந்தார்கள். கல்லறை இருந்தால் கட்ட அனுமதி கிடையாது என்பதால், அந்த அதிகாரிப் பையன் மரியாதையாகத்தான், "கல்லறை எங்க சார் இருக்கு?" என்று கேட்டான். கை காட்ட எனக்கு ஒன்றுமில்லை. மண்ணுக்குள் பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னேன், அதற்கும் மேலே ஓர் அடையாளம் வேண்டுமாம். அனுமதி கொடுத்துவிட்டார்கள், வேலி போட்டாயிற்று. பர்விஸ் வந்து, "அப்பவே விவரமா சொல்லியிருக்கலாமே, ஆல்டன்" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, சின்ன வயதில் பள்ளியில் உன் சுருட்டை முடியைக் கேலி செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். உன்னை அந்தத் தோப்பில் எஸ்ராவின் கல்லறை மேட்டுக்குக் கூட்டிப்போய், அடிமையாகப் பிறந்து இந்தத் தீவில் சொந்த நிலத்தில் செத்தவர் இவர் என்றேன். அந்த நீல விளிம்புத் தட்டைத் தொட்டு, "இவரு நம்ம ஆளாப்பா?" என்று கேட்டாய். மறுநாள் முடியை மறைக்கத் தலையில் துணி கட்டாமல் பள்ளிக்குப் போனாய். என் வகுப்பில் எந்தப் பாடமும் அப்படி வேலை செய்ததில்லை. குவின்டனுக்கு மே மாதம் குழந்தை பிறக்கப்போகிறது. அது அழுதுகொண்டு வந்தால் எங்கே கூட்டிப்போவது? கோல்ஃப் மைதானத்துக்கா?

கர்த்தர் உன்னை வெளியிலும் வீட்டிலும் காக்கட்டும். கழுத்தை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காமல் பதில் எழுது. அன்று நீ எஸ்ராவின் மேட்டிலிருந்து ஒரு சங்கைப் பையில் போட்டுக்கொண்டாய், செத்தவர் பொருளை எடுத்தால் அவர் வீட்டுக்கே வந்துவிடுவார் என்று அம்மா பயந்து உன்னைத் திருப்பி அனுப்பினாள். வைத்துவிட்டேன் என்று வந்து சொன்னாய். அது பொய்யாக இருந்தால் சொல், திட்ட மாட்டேன். நீயே வைத்துக்கொள், கொண்டுவந்து வைக்க இனி இங்கே இடமில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆல்டன் கேட்ஸ்டன்