நீங்க புகழ்ந்த பாட்டில்

என்னங்க,

சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கு. நானும் பாப்பாவும் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டோம். சாப்பாடு அடுப்பு மேல. உப்பு இல்லைன்னா சுவர்கிட்ட சொல்லிக்கோங்க.

நேத்து ஃப்ரிட்ஜைத் திறந்து, பாட்டில்ல இருந்ததை சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் குடிச்சிட்டு, "இப்பத்தான் உன் கைக்கு ருசி வந்திருக்கு"ன்னீங்களே, அது ஜூஸ் இல்லை. பினாயில் நெடியில பாப்பாவுக்கு மூச்சு இரைக்குதேன்னு, எலுமிச்சைத் தோலை வினிகர்ல ஊறவெச்சு நான் செஞ்சு, கெட்டுப்போகாம இருக்க ஃப்ரிட்ஜ்ல வெச்ச தரை துடைக்கிற தண்ணி. அதைச் செய்யறப்ப "பைத்தியக்காரி வேலை"ன்னு சிரிச்சீங்களே, அதேதான். பயப்படாதீங்க, கரப்பான்கூட இதுல சாகாது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க வாயாரப் புகழ்ந்தது இது ஒண்ணைத்தான்.

பி.கு: சாயங்காலம் உங்க அக்கா வர்றாங்க. பாட்டில்ல இன்னும் பாதி இருக்கு. என் கைப்பக்குவத்தைப் பத்தி அவங்களும் ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும்.