டிவி சத்தம் எட்டு

பிப். 3, செவ்வாய்

பனி. பத்து மணி வரை வெயில் இல்லை. கொடியில் கிடக்கும் துணி நேற்றிலிருந்து ஈரம்.

அவர் ஏழு மணிக்கு டூட்டி முடிந்து வந்தார். மேலே பெரிய டெலஸ்கோப் இருக்கிற டோமைத் திறப்பது, திருப்புவது, விடிந்ததும் மூடுவது. இருபது வருடமாக இதே ராத்திரி வேலை. வந்தால் நாலு இட்லி, ஒரு டம்ளர் டீ, உடனே படுக்கை. அப்படித்தான் இருந்தது. இப்போது படுப்பதில்லை. "கொஞ்சம் வேல கீது, போய்ட்டு வர்றேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மூன்று மணிக்கு வருகிறார். என்ன வேலை என்று கேட்டால், "வேல தான்."

ராத்திரி முழுக்க விழித்த மனுஷனுக்குப் பகலில் என்ன வேலை?

செய்ய வேண்டியவை: ஜாக்கெட் 3, கொக்கி வைக்க. சாமை புடைக்க. டிவிக்காரனுக்கு போன் (ஸ்பீக்கர்).

மதியம் பு.ப. (புதுப்படம்) ஒன்று. மகள் வெண்ணிலா பொங்கலுக்கு வந்தபோது பென்டிரைவில் பதினாலு படம் போட்டுக் கொடுத்தாள். வேலூரில் நர்சிங் படிக்கிறாளா, படம் சேர்க்கிறாளா தெரியவில்லை. ஊரே கொண்டாடிய படமாம். ஹீரோ முதல் அரை மணி நேரம் முதுகை மட்டும் காட்டுகிறார். பிறகு நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். வில்லன் மீன் தின்றுகொண்டே பேசுகிறான், ஒரு வார்த்தை விளங்கவில்லை. கடைசியில் எல்லாரும் செத்த பிறகு, மீதி இரண்டாம் பாகத்திலாம். மார்க்: 3/10. அந்த மூன்றும் கதாநாயகியின் பச்சைப் புடவைக்கு.

இப்போது யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை. எல்லாம் முணுமுணுப்பு. டிவி வாங்கியபோது சத்தம் எட்டு வைத்தால் போதும், இவர் உள் ரூமில் நிம்மதியாகத் தூங்குவார். இப்போது ஐம்பத்தைந்து வைத்தால்தான் அந்தப் பழைய எட்டு. ஸ்பீக்கர் போய்விட்டது.

பிப். 4, புதன்

பனி குறைவு. ஜாக்கெட் 2 முடிந்தது.

ப.ப. (பழைய படம்). அக்கா தங்கை இரண்டு பேரும் ஒருத்தனையே விரும்பி, இரண்டு பேருமே விட்டுக்கொடுத்து, கடைசியில் அவன் மூன்றாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொள்கிற கறுப்பு வெள்ளைப் படம். படவேட்டில் அம்மா வீட்டில் இருந்தபோதே பத்து தடவை பார்த்தது. மணி மணியான பேச்சு. ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுகிறது. அழுதேன். கொக்கியை மாற்றித் தைத்துவிட்டேன், பிரித்து மறுபடி தைத்தேன். 9/10. அந்தக் காலத்தில் நடிக்க வருவதற்கு முன் பேசக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இதே ஓட்டை ஸ்பீக்கரில்தானே இதுவும் ஓடுகிறது?

பக்கத்து வீட்டு ராணி கறிவேப்பிலை வாங்க வந்தாள். போகும்போது வாசலில் நின்று, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணன் வண்டி தெனம் சுமதி வூட்டாண்ட நிக்குது. எங்க வூட்டுக்காரர் பாத்துட்டு வந்து சொன்னாரு."

சுமதியின் புருஷன் திருப்பூரில். வருடத்துக்கு இரண்டு தடவை வருவான். நெல்லிவாசல் போகிற ரோட்டில் வீட்டை ஒட்டிக் கொட்டாய் போட்டுப் புளி தட்டி விற்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல நிறம். சிரித்தால் எதிரே இருக்கிறவர்களும் சிரிப்பார்கள்.

ராணியிடம், "புளி வாங்கப் போயிருப்பாரு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். முதுகுப் பக்கம் புளி நார் ஒட்டியிருந்தது. முதுகில். புளி வாங்கப் போகிறவனுக்கு முதுகில் எப்படி நார் ஒட்டும்?

பிப். 5, வியாழன்

இன்று படம் இல்லை. போட்டேன், மனது ஒட்டவில்லை. பெரிய சண்டைப் படம், குதிரை, வாள், கூட்டமாக மலையேறுகிறார்கள். நம் மலைக்கு வந்து ஜீப்புக்கு நின்று பார்க்கட்டும். இருபது நிமிடத்தில் அணைத்துவிட்டேன். மார்க் போடவில்லை.

வெ. போன் செய்தாள். "ஏம்மா கத்தற? ஹாஸ்டல்ல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க." மலையில் சிக்னல் அப்படி என்றேன். அவள் பேசியது பாதி கேட்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அது மட்டும் நன்றாகக் கேட்டது. "நல்லா கீறாரு" என்றேன். மகளிடம் வேறு என்ன சொல்ல?

என் மேல் என்ன குறை என்று யோசித்தேன். எழுதியே பார்க்கிறேன்:

1. உடம்பு பெருத்துவிட்டது.
2. படம் பைத்தியம்.
3. முன் மாதிரி பேச்சுக்குப் பேச்சு சிரிப்பதில்லை. அவர் ஏதோ சொல்வார், நான் "ம்" என்பேன். அவரும் விட்டுவிடுவார்.

என் பக்கமும் உண்டு. இருபது வருடம் இந்த வீட்டில் பகலில் மிக்ஸி ஓடியதில்லை. குக்கர் கிடையாது, விசில் வரும் என்று குண்டானில்தான் சோறு வடிக்கிறேன். தையல் மெஷினை அவர் எழுந்த பிறகுதான் மிதிப்பேன். வெண்ணிலா குழந்தையாக இருந்தபோது அழ ஆரம்பித்தால் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்கு ஓடுவேன். ராத்திரி டூட்டிக்காரர் வீடு என்றால் அப்படித்தான். இங்கே எத்தனையோ பேர் வீட்டில் அப்படித்தான். ஆனால் என்னை மாதிரி யாரும் செய்ததில்லை. அதற்கு இதுவா கூலி? 

பிப். 6, வெள்ளி

மேகம். நேற்று அவருக்கு வார லீவு, ராத்திரி வீட்டில் படுத்தார். பக்கத்தில் படுத்தும் எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு விஷயம் கவனித்தேன்: குறட்டை சுத்தமாக நின்றுவிட்டது. ஓட்டுக்கூரை அதிரும் அப்படி ஒரு குறட்டை. ராணி சொல்லி நான் போட்டுக் கொடுக்கிற கஷாயம் வேலை செய்கிறது போல. மற்றபடி இந்த வாரம் நடந்த நல்லது எதுவும் இல்லை.

ப.ப. ஒன்று, பாதி. பட்டணத்தில் இரண்டாவது வீடு வைத்திருப்பவன் கதை. கடைசியில் பெண்டாட்டியே அந்த இரண்டாமவளுக்குப் பூ வைத்து விடுகிறாள். சின்ன வயதில் இதற்கு உருகி உருகி அழுதிருக்கிறேன். இன்று ரிமோட்டைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. யார் எழுதிய கதை இது? எவனோ ஆம்பளை. 0/10.

நாளைக்குப் போகிறேன்.

பிப். 7, சனி

போனேன்.

அவர் எட்டு மணிக்கு வண்டியை எடுத்தார். நான் ஒன்பதரை ஷேர் ஜீப்பில். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. சண்டைக்குப் போகிறவள் எதற்குக் கறுப்புப் பொட்டும் நீலப் புடவையும்?

கொட்டாய் வாசலில் இவர் வண்டி. உள்ளே ஆறு பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். நடுவில் சுமதி. அவளுக்குப் பின்னால், புளி மூட்டைகளுக்கு மேல், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு இவர். வாய் பிளந்து தூக்கம். செருப்புகூட கழற்றவில்லை.

அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். 

சுமதி எழுந்து வந்தாள். "வாங்கக்கா. அண்ணன் தூங்கறாரு. எழுப்பட்டா?"

"வூடு இருக்கும்போது இங்க இன்னாத்துக்குத் தூங்கறாரு?" என்றேன். "ஆறு பேரு கட்டைய வெச்சி அடிக்கற எடத்துல?"

அவள் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "இது ஒரே மாதிரி டக்கு டக்குனு அடிக்கறதுக்கா. பழகிடும். உங்க வூட்ல படத்துல சுட்டுனே கீறாங்க, அழுதுனே கீறாங்க. மனுசன் எப்படித் தூங்குவாரு? நாலு மாசமா வர்றாரு. உங்ககிட்ட சொல்லாதன்னு சொல்லிட்டாரு."

கோபம் தலைக்கேறியது. என் வீட்டில் சத்தமா? யார் வீட்டில் யார் சத்தம்? "எங்க வூட்ல குக்கர் விசில் கூட கெடையாது தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டேன். தட்டிக்கொண்டிருந்த ஆறு பேரும் கட்டையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். இவரும் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். நான் கத்தியிருக்கிறேன்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியில் அவர் ஏதோ சொன்னார். காற்று. ஒன்றும் கேட்கவில்லை. "ம்" என்றேன்.

பிப். 8, ஞாயிறு

நல்ல வெயில். துணி காய்ந்தது.

சுமதி பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்க நினைத்தேன். அவர் டீ குடிக்கக் கடைக்குப் போயிருந்தார். பென்டிரைவில் நான் பார்க்காத பழைய படம் ஒன்று இருந்தது, பதினாலில் அது ஒன்றுதான். யாரோ எஸ்டேட் முதலாளி, யாரோ ஊமை மாதிரி நடிக்கிற பெண். அந்தக் காலத்துப் பேச்சு, மணி மணியாக இருக்குமே.

இல்லை. முணுமுணுப்பு.

முதலாளி என்னைப் பார்த்துப் பேசினால் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசினால் வெறும் இரைச்சல். இந்தப் பக்கம் திரும்பினால் புரிந்தது. மறுபடி முதுகைக் காட்டினால் ஒன்றும் இல்லை. அறுபது வைத்தேன். எழுபது. எண்பது.

நிறுத்திவிட்டு அக்கா தங்கை படத்தைப் போட்டேன். அதே மணி மணியான பேச்சு. பிறகு கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் இல்லை. பானைக்குள் யாரோ பேசுவது போல ஒரு உறுமல். கண்ணைத் திறந்தால் வசனம் இருக்கிறது. மூடினால் இல்லை. வசனம் எனக்கு மனப்பாடம். நான்தான் எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன். நூறு வரை வைத்துப் பார்த்தேன்.

ராணி ஓடி வந்து வாசலில் நின்றாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா ஆச்சி?" என்று வாய் கேட்டது.

டிவியை அணைத்தேன். ஸ்பீக்கர் ஒன்றும் போகவில்லை. டிவிக்காரனுக்கு போன் செய்ய வேண்டாம்.

ராணி போன பிறகு அழுதேன். எனக்கு நாற்பத்தாறு வயதுதான். பயமாக இருக்கிறது. வெண்ணிலா கல்யாணத்தில் மேளம் கேட்குமா? யாராவது கேள்வி கேட்டால் சம்பந்தமில்லாமல் தலையாட்டி, ஊர் சிரிக்கிற ஆளாகிவிடுவேனா? படத்தில் காது கேட்காதவர்கள் வருவதே சிரிப்புக்குத்தான். நானும் சிரித்திருக்கிறேன்.

பிப். 9, திங்கள்

ஏழு மணிக்கு வந்தார். இட்லி நாலு. சட்டையை மாட்டப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தினி மாசமா தெரியும்?"

அவர் உட்கார்ந்தார். என் முகத்துக்கு நேராக. இப்போதுதான் உறைக்கிறது, கொஞ்ச நாளாகவே அப்படி நேராக உட்கார்ந்துதான் பேசுகிறார்.

"தீபாவளிலருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ டிவிய நிறுத்திடுவ. மலைல ஒனக்கு வேற இன்னா கீது?" சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வாட்டி சொல்லவும் சொன்னேன். நீ 'ம்'னுட்ட."

டம்ளரில் டீ ஊற்றி வைத்தேன்.

"இருவது வருசம் ஒரு விசில் சத்தம் கேக்காம தூங்க வெச்ச. நாலு மாசம் நான் போயி மூட்ட மேல படுத்தா இன்னா கொறஞ்சி போச்சி?"

இதை முழுதாக விளங்கிக்கொள்ள இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். முதல் தடவையே விளங்கியது. இரண்டாவது தடவை சும்மா, அவர் வாயைப் பார்க்க.

சுமதியைப் பற்றி நினைத்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. முதுகில் ஒட்டிய நார் வரை சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படம் ரொம்ப பாக்கற நீ" என்றார். சுமதியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. ஜாக்கெட் ஒன்று தைத்துக் கொடுக்கலாம். அளவு?

வெ.க்கு எல்லாம் போனில் அவரே சொன்னார். வியாழக்கிழமை வேலூர், காது டாக்டர். மிஷின் வைத்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றாளாம். பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் எடுத்து வரச் சொன்னாள். எந்த ரிப்போர்ட்? நான் ஆஸ்பத்திரிக்குப் போனதே அவளைப் பெற்றெடுக்கத்தான்.

எடுத்துப் போக: ஆதார், மாற்றுப் புடவை, புளி இரண்டு கிலோ வெ. ஹாஸ்டலுக்கு.

அவர் உள் ரூமில் படுத்தார். நான்கு மாதம் கழித்துப் பகல் தூக்கம் வீட்டில். நான் டிவியைப் போட்டுச் சத்தத்தை எட்டில் வைத்தேன். அக்கா தங்கை படம். வாய்கள் அசைகின்றன, நான் கொக்கி வைத்துக்கொண்டே அவர்களுக்காகப் பேசிக்கொண்டேன், மனதுக்குள். 9/10, மாற்றமில்லை.

பாதியில் எழுந்து போய்ப் பார்த்தேன். மல்லாந்து படுத்திருக்கிறார், வாய் திறந்தபடி. பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்தேன்.

கஷாயம் வேலை செய்யவில்லை. குறட்டை விடுகிறார். உள்ளங்கையில் அதிர்கிறது.