ஒன்பது முழக் கட்டில்

என் தங்கைக்கு,

நான் அம்மோனியரின் ரப்பா நகரத்தில் உயிரோடு இருக்கிறேன். அத்தானையும் பிள்ளைகளையும் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கள் இரும்புக் கட்டில்கூட இங்கேதான் இருக்கிறது. எத்ரேய்ப் போரில் இஸ்ரவேலர் நம்மை ஜெயித்த பிறகு, அம்மோனியர் அதைக் கொண்டுவந்து கோட்டை வாசலில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுகிறேன். என்னை யாரென்று யாருக்கும் தெரியாது.

வருகிறவர்கள் எல்லோரும் கட்டிலை முழம் போட்டு அளக்கிறார்கள்.

"ஒம்போது முழம்டி! இந்த ஓக் ராஜா மனுசனா, பூதமா?" என்று இன்று ஒருத்தி வாயைப் பிளந்தாள்.

"பொண்டாட்டி எப்படித்தான் பக்கத்துல படுத்தாளோ!" என்று கூட வந்தவள் சிரித்தாள்.

அதற்குள் முதலாமவளின் குழந்தை கட்டிலின் கால்மாட்டில் ஏறித் தூங்கிவிட்டது. "எந்திரிடா, பூதம் வந்துரும்!" என்று உலுக்கப் போனாள்.

"கொஞ்சம் தூங்கட்டும்மா. அவரு ஒண்ணும் செய்யமாட்டாரு" என்றேன்.

அத்தான் உயரம்தான், ஆனால் அவ்வளவு நீளம் அவருக்காக இல்லை. இடி இடித்தால் மூன்று பையன்களும் ஓடிவந்து எங்கள் காலடியில் சுருண்டுகொள்வார்கள். அதற்காகவே நீட்டி அடிக்கச் சொன்னார். அப்பாவோடு எத்ரேய்ப் போருக்குக் கிளம்பியபோது சின்னவன்கூட என்னைவிட உயரம். நால்வரில் ஒருவரும் திரும்பவில்லை.

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவள் அதைத் தூக்கிக்கொண்டு போன பிறகும், என் கை வெறும் இரும்பைத் தட்டிக்கொண்டே இருந்தது.

உன் அக்கா